முதற்காட்சியின் தீர்ப்பு

புதிய திரைப்படமொன்று வெளியாகும் நாளன்று படமாளிகை வாயிலில் நடைபெறும் நிகழ்ச்சியொன்று எல்லா ஊர்களிலும் ஒரே தன்மையதாகக் காணப்படும். முதற்காட்சி முடிந்து கூட்டம் வெளியே வருகின்றது. அடுத்த காட்சிக்காக வரிசையில் நிற்போர், வெளிவருவோரின் முகங்களை நோக்குகின்றனர். “படம் எப்படி?” என்பது வினா. “நல்ல படம்” என்றோ, “காசுக்கு நட்டம்” என்றோ ஓரிரு சொற்களில் விடை வருகின்றது. அச்சொற்கள் வரிசையின் நுனியிலிருந்து அடிவரை ஓடுகின்றன. அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் பரவிவிடுகின்றன. சிலர் வரிசையை விட்டு விலகி வீடு திரும்புகின்றனர். வேறு சிலர் அயலவரையும் அழைத்துவர ஓடுகின்றனர். இக்காலத்திலே வாயிலில் நின்று கேட்கவேண்டிய தேவையும் அற்றுப்போய்விட்டது. கையிலுள்ள தொலைபேசி வழியாக, படம் முடிவதற்கு முன்னரே, அவ்விடை கடல் கடந்தும் சென்றுவிடுகின்றது.

ஒரு படத்தை ஆக்குவதற்கு நூற்றுக்கணக்கானோர் மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காக, உழைக்கின்றனர். அதன் கதியோ பெரும்பாலும் முதல் வாரத்துக்குள்ளேயே முடிவாகிவிடுகின்றது. இத்தகைய விரைந்த தீர்ப்பு நீதியானதுதானா என்னும் வினா புதியதன்று. திரைப்படம் தோன்றிய நாள்தொட்டு அதனோடு கூடவே வளர்ந்து வந்திருக்கின்றது. அவ்வரலாற்றிலே, 1939ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வெளியான பிரெஞ்சுப் படமொன்றின் கதை தனித்த இடம் பெறுவது. முதல் நாளில் வழங்கப்பட்ட தீர்ப்பினால் சிதைக்கப்பட்டு, இருபது ஆண்டுகள் கழித்து மீட்டெடுக்கப்பட்ட படம் அது. அதன் கதையை அறிவதற்கு முன்னர், திரைப்பட அபிப்பிராயம் என்பது எவ்வாறு தோன்றியது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1895ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 28ஆந் திகதி, பாரிஸ் நகரின் உணவுச்சாலையொன்றின் நிலக்கீழ் அறையிலே, லூமியேர் சகோதரர்கள் தமது அசையும் படங்களைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டினர். கட்டணம் ஒரு பிராங்கு. வந்தவர் முப்பத்து மூவர். காட்டப்பட்டவை பத்துச் சிறு படங்கள். யாவும் சேர்ந்து இருபது நிமிடம் வரையிலேயே ஓடின. தொழிற்சாலையை விட்டுத் தொழிலாளர் வெளியேறுதல், குழந்தைக்கு உணவூட்டுதல் முதலிய அன்றாடக் காட்சிகளே அவை. பார்த்தவர்கள் வியப்புடன் வெளியே சென்று பிறரிடம் கூறினர். வாய்மொழியாகப் பரவிய அச்செய்தியின் பயனாகச் சில வாரங்களுள் நாளொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கூடலாயினர். திரைப்படம் பிறந்த வாரத்திலேயே அதுபற்றிய அபிப்பிராயமும் பிறந்துவிட்டது. பாரிஸ் நாளிதழ்கள் இரண்டொரு நாட்களுள் எழுதிய குறிப்புகளில், இறந்தோரையும் இனி அசைவுடன் காணலாம் ஆதலின் மரணம் தன் முழு வலிமையையும் இழந்துவிட்டது என்னும் கருத்துக் காணப்பட்டது.

அடுத்த ஆண்டில் இவ்விந்தை உருசியாவை எட்டியது. நிஷ்னி நொவ்கொரட் நகரிலே நடைபெற்ற பெருங் கண்காட்சியில் லூமியேர் படங்களைக் கண்டவர்களுள், அந்நகரின் பத்திரிகையொன்றில் எழுதிவந்த இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரே பின்னர் உலகப் புகழ் எய்திய மக்சிம் கோர்க்கி. புனைபெயருடன் அவர் எழுதிய கட்டுரை 1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியாயிற்று. பாரிஸ் பத்திரிகையாளர் உயிர்த்துடிப்பைக் கண்ட இடத்திலே கோர்க்கி கண்டது நிழல்களின் உலகை. நிறமும் ஒலியும் அற்று, சாம்பல் வண்ணத்தில் வாய்பேசாது அசையும் மாந்தர் அவருக்கு ஒருவகை அச்சத்தையே ஊட்டினர். ஒரே படத்தை ஒருவர் மரணத்தின் தோல்வியாகவும் மற்றொருவர் மரணத்தின் சாயலாகவும் கண்டனர் என்பது கருதத்தக்கது. இரண்டும் ஒரே பார்வையில், ஓரிரு நாட்களுள் எழுதப்பட்டவை. இரண்டும் இன்றும் படிக்கத்தக்கவை. ஆதலின், விரைந்து எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் அபிப்பிராயத்தைத் தள்ளிவிடல் ஆகாது.

பின்னர் திரைப்படம் ஒரு பெருந் தொழிலாயிற்று. சிறு படமாளிகைகள் வாரத்தில் பலமுறை படங்களை மாற்றின. எந்தப் படத்தை வாடகைக்கு எடுப்பது என்று மாளிகை உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டது. நியூ யோர்க் நகரின் நாடகப் பத்திரிகையொன்றிலே பிராங் வூட்ஸ் என்பவர் 1908ஆம் ஆண்டு தொடக்கம் புதிய படங்களைப் பற்றி ஒழுங்காக எழுதலானார். இங்கிலாந்தில் சி. ஏ. லெஜூன் என்னும் பெண்மணி 1922ஆம் ஆண்டில் ‘மான்செஸ்டர் கார்டியன்’ பத்திரிகையிலும், 1928ஆம் ஆண்டிலிருந்து 1960ஆம் ஆண்டுவரை ‘ஒப்சேவர்’ பத்திரிகையிலும் வாரந்தோறும் எழுதினார். இவ்வாறு திரைப்பட விமரிசகர் என்றொரு வகுப்பினர் தோன்றினர். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் எனப் பார்த்து, இரவில் எழுதி, மறுநாள் அச்சேற்றும் தொழில் அது. நூலொன்றை மதிப்பிடுவோர் அதனை மீண்டும் புரட்டிப் பார்க்கலாம். படத்தை மதிப்பிடுவோருக்கு அந்நாளில் அவ்வசதி கிடையாது. ஒருமுறை கண்ட காட்சி ஓடி மறைந்தது. நினைவில் நின்றதே சான்று.

இனி, அந்தப் பிரெஞ்சுப் படத்தின் வரலாறு.

ழான் ரெனுவார் 1894ஆம் ஆண்டு பிறந்தவர்; புகழ்பெற்ற ஓவியரான பியேர் ஒகுஸ்த் ரெனுவாரின் மைந்தர். முதல் உலகப் போரில் போர்வீரராகவும் விமானப் படையிலும் பணிபுரிந்து காலில் காயமுற்றவர். 1937ஆம் ஆண்டில் அவர் நெறிப்படுத்திய ‘பெரும் மாயை’ என்னும் படம் போர்க் கைதிகளின் வாழ்வைச் சித்திரித்து, பிரான்சிலும் பிற நாடுகளிலும் பெருவெற்றி பெற்றது. அடுத்த ஆண்டில் வெளியான ‘மனித மிருகம்’ என்னும் படமும் வெற்றியே. இவ்வெற்றிகளின் துணிவிலே ரெனுவார் சகோதரர், நண்பர் முதலானோருடன் சேர்ந்து சொந்தப் படநிறுவனமொன்றை நிறுவினார். அந்நிறுவனத்தின் பெருமுயற்சியாக அமைந்ததே ‘ஆட்டத்தின் விதிகள்’ என்னும் படம்.

அப்பொழுது ஐரோப்பா இருந்த நிலையை மறத்தலாகாது. 1938ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மியூனிக் நகரிலே பிரித்தானியாவும் பிரான்சும் ஹிட்லருடன் உடன்பாடு செய்து, செக்கோசிலோவாக்கியாவின் ஒரு பகுதியை அவருக்கு விட்டுக்கொடுத்தன. போர் தவிர்க்கப்பட்டது என்று மக்கள் மகிழ்ந்தனர். எனினும் உள்ளூர அச்சம் இருந்தது. இவ்வச்சத்தை அறியாததுபோல் விருந்தும் வேட்டையும் களியாட்டுமாய் வாழ்ந்த மேல்வகுப்பினரைப் பற்றி ஒரு படம் எடுக்க ரெனுவார் விரும்பினார். போர் என்ற சொல்லையே முன்னிறுத்தாது, வீழப்போகும் ஒரு சமுதாயத்தின் படத்தை வரைவதே அவர் நோக்கம்.

படம் வானொலி ஒலிபரப்பு ஒன்றுடன் தொடங்குவது. அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடந்து வந்த விமானி ஒருவன் பாரிஸ் விமான நிலையத்தில் இறங்குகின்றான். கூட்டம் ஆரவாரிக்கின்றது. வானொலி அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டுகின்றார். அவனோ நாட்டின் பெருமை பற்றி ஒரு சொல்லும் கூறாது, தான் விரும்பிய பெண் வரவேற்க வரவில்லையே என்று நாடு முழுவதும் கேட்கக் குறைகூறுகின்றான். அப்பெண் ஒரு பிரபுவின் மனைவி. பின்னர் அனைவரும் பிரபுவின் நாட்டுப்புற மாளிகையிலே விருந்தினராகக் கூடுகின்றனர். மேல்மாடியில் எசமானரின் காதல் விளையாட்டு. கீழே பணியாளரிடையே அதே விளையாட்டு. நடுவில் ஒரு வேட்டை: முயல்களும் பறவைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுடப்பட்டு வீழ்கின்றன. இறுதியில் மாறுவேடக் களியாட்டின் குழப்பத்திலே, ஆள் மாறாட்டத்தினால், காவற்காரன் ஒருவன் விமானியைச் சுட்டுக் கொன்றுவிடுகின்றான். அது ஒரு விபத்து என்று பிரபு பண்புடன் அறிவிக்கின்றார். விருந்தினர் அதனை ஏற்றுக்கொண்டு உள்ளே செல்கின்றனர். ஆட்டத்தின் விதிகள் காப்பாற்றப்பட்டுவிட்டன.

1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சொலோஞ் என்னும் வனப் பிரதேசத்திலே படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. மழை தொடர்ந்து பெய்தமையால் வேலை தாமதமாகிச் செலவு பெருகிற்று. இரண்டரை மில்லியன் பிராங்கு எனக் கணக்கிடப்பட்ட செலவு ஐந்து மில்லியனையும் தாண்டிற்று. அந்நாள்வரை பிரான்சில் எடுக்கப்பட்ட படங்களுள் மிகுந்த செலவுடையவற்றுள் ஒன்றாக அது கருதப்பட்டது. பிரபுவாக நடித்தவர் மார்செல் தாலியோ, யூத குலத்தவர். பிரபுவின் மனைவியாக நடித்த நோரா கிரேகோர் ஒஸ்திரிய நாட்டு நடிகை. தம் நாட்டை ஹிட்லர் கைப்பற்றியபின் வெளியேறியவர். ரெனுவாரும் ஒக்தாவ் என்னும் நண்பன் பாத்திரத்தைத் தாமே ஏற்றார். படத்தை முதலில் பார்த்த கூட்டாளிகள் அது நீளமானது எனக் கருதியமையால், வெளியிடுவதற்கு முன்னரே பல காட்சிகள் நீக்கப்பட்டு, ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட படமாக அது சுருங்கிற்று.

1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆந் திகதி, சாம்ஸ் எலிசே வீதியிலுள்ள கொலிசே படமாளிகையில் ‘ஆட்டத்தின் விதிகள்’ வெளியிடப்பட்டது. அதற்கு முன்னர் காட்டப்பட்டது, பிரான்சின் பெருமை கூறும் ஆவணப் படமொன்று. அதனைக் கண்டு நெஞ்சு நிமிர்ந்திருந்தவர்களின் முன்னே, அந்நாட்டின் மேன்மக்களைப் பொய்யராகவும் வெறுமையராகவும் காட்டும் படம் ஓடலாயிற்று. சிறிது நேரத்தில் சீழ்க்கையும் கூச்சலும் எழுந்தன. யூதர் ஒருவர் பிரெஞ்சுப் பிரபுவாக நடிப்பதா என்று சிலர் கொதித்தனர். அயல்நாட்டு உச்சரிப்புடைய நடிகையைச் சிலர் ஏளனஞ் செய்தனர். ரெனுவார் இடதுசாரிக் கட்சிகளுடன் உறவுடையவர் என்பதனால் வலதுசாரிகள் முன்னரே அவர்மீது வெறுப்புற்றிருந்தனர். ஒருவர் செய்தித்தாளை விரித்துத் தீ மூட்டிப் படமாளிகையையே கொளுத்த முயன்றதாக ரெனுவார் தமது நினைவுகளில் எழுதியிருக்கின்றார்.

எதிர்த்தோர் யாவரும் தீய நோக்கமுடையோர் என்று கூறிவிடுதல் எளிது; ஆனால் அது முழு உண்மையாகாது. படத்தின் அமைப்பே முதற்காட்சியில் மனத்துக்கு எளிதில் அகப்படாத ஒன்று. கதாநாயகன் யார், கொடியவன் யார் என்று படம் சுட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் நியாயம் உண்டு என்னும் நோக்கிலேயே எல்லாப் பாத்திரங்களும் படைக்கப்பட்டிருந்தன. ஒரே காட்சியில் முன்புறம் இருவர் பேச, பின்புறம் வேறு மூவர் ஓட, இரண்டையும் கண் ஒருங்கே பற்ற வேண்டியிருந்தது. சிரிப்பதற்காக வந்தவர், சிரித்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு பிணத்தின் முன் நிறுத்தப்பட்டனர். இது நகைச்சுவைப் படமா, துன்பியல் நாடகமா என்று அறியாது மயங்கியவர், அம்மயக்கத்தின் காரணத்தைத் தம்மிடத்தே தேடாது படத்திடத்தே கண்டனர். பத்திரிகைகளில் பாராட்டி எழுதிய விமரிசகரும் சிலர் இருந்தனர். ஆயினும் படமாளிகைக் கூச்சல் அவர்தம் குரலை அமிழ்த்திவிட்டது.

ரெனுவார் செய்தது இன்னும் துயரமானது. அவர் காட்சி தோறும் அரங்கில் அமர்ந்து, எவ்விடத்தில் கூச்சல் எழுகின்றது என்று கவனித்தார். கூச்சல் எழுந்த பகுதிகளை ஒவ்வொன்றாக வெட்டினார். தாம் நடித்த பகுதிகளையே மிகுதியாக நீக்கினார். படம் ஏறக்குறைய 85 நிமிடங்களாகக் குறைந்தது. வெட்டிய பின்னர் கதையின் தொடர்பு மேலும் குன்றியதேயன்றி, கூச்சல் குறையவில்லை. மூன்று வாரங்களில் படம் எடுக்கப்பட்டுவிட்டது. நிறுவனமும் நொடித்தது. இனித் திரைப்படத் தொழிலை விடுவது, அன்றேல் நாட்டை விடுவது என்று எண்ணும் நிலைக்கு அவர் வந்தார்.

செப்டெம்பர் 3ஆந் திகதி பிரான்சு போரில் இறங்கியது. ஒக்டோபர் மாதத்தில், மக்களின் ஊக்கத்தைக் குலைப்பது, இளைஞரைக் கெடுப்பது என்னுங் காரணங் கூறி அரசாங்கம் அப்படத்தைத் தடைசெய்தது. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸ் வீழ்ந்தது. ஆண்ட ஜேர்மானியரும் தடையைத் தொடர்ந்தனர். பிரபுவாக நடித்த தாலியோவின் முகத்தைச் சுவரொட்டிகளில் அச்சிட்டு, யூதரை அடையாளங் காண்பதற்கு இதுவே மாதிரி என்று ஒட்டினர். அவர் உயிர் தப்பி அமெரிக்கா சேர்ந்தார். ரெனுவாரும் அவ்வாண்டின் முடிவில் அமெரிக்காவை அடைந்தார். 1942ஆம் ஆண்டில் நேச நாட்டு விமானங்கள் பாரிஸின் புறநகர்ப் பகுதியிற் குண்டு வீசியபோது, படச்சுருள்கள் வைக்கப்பட்டிருந்த ஆய்வுகூடம் அழிந்தது. ‘ஆட்டத்தின் விதிகள்’ படத்தின் மூல நெகட்டிவும் அதனோடு அழிந்தது. முதல் நாளில் கூச்சலிட்டவர் விரும்பியதைப் போர் முடித்துவைத்துவிட்டது எனலாம்.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. போருக்குப் பின்னர், குறுக்கப்பட்ட பிரதியொன்று கண்டெடுக்கப்பட்டுத் திரைப்படக் கழகங்களிலே காட்டப்பட்டது. அரங்கை விட்டு ஓடாது, பார்த்தபின் இருந்து விவாதிக்கும் புதியதொரு கூட்டம் அப்பொழுது பிரான்சில் உருவாகியிருந்தது. அந்திரே பசான் என்னும் விமரிசகர் அதற்கு வழிகாட்டியாக விளங்கினார். சிதைந்த நிலையிலும் அப்படத்தின் பெருமையை அவர் எடுத்துரைத்தார். 1956ஆம் ஆண்டளவில் ழான் கபோரி, ழாக் மரெஷால் என்னும் இரு இளைஞர்கள் படத்தின் உரிமையைப் பெற்று, அழிந்த ஆய்வுகூடத்தின் எச்சங்களிடையே தேடலாயினர். இருநூறுக்கு மேற்பட்ட பெட்டிகளில் துண்டு துண்டான சுருள்களும் ஒலித்தடங்களும் அகப்பட்டன. எந்தத் துண்டு எதனை அடுத்து வருவது, எந்த ஒலி எந்த உதட்டுக்கு உரியது என்று இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுமையுடன் பொருத்தினர். ஐயம் நேர்ந்தவிடத்து ரெனுவாரின் ஆலோசனையைப் பெற்றனர். 106 நிமிடங்கள் கொண்ட படம் உருவாயிற்று. ஒரு சிறு உரையாடற் காட்சி மாத்திரமே கிடையாது போயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. மீட்கப்பட்ட படம், 1939ஆம் ஆண்டில் கொலிசே மாளிகையில் காட்டப்பட்டதினும் நீளமானது. ஆகவே, முதற்காட்சியில் கூச்சலிட்டவர்கள் ரெனுவார் எண்ணிய படத்தை முழுமையாகப் பார்த்தவரல்லர். பாதி கேட்டு வழங்கிய தீர்ப்பே அது.

1959ஆம் ஆண்டில் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் மீட்கப்பட்ட படம் காட்டப்பட்டது. முந்தின ஆண்டில் நாற்பதாவது வயதில் மறைந்த அந்திரே பசானின் நினைவுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. இலண்டனிலிருந்து வெளிவரும் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை உலக விமரிசகரிடம் பத்தாண்டுக்கு ஒருமுறை கருத்துக் கேட்டு வெளியிடும் சிறந்த படங்களின் பட்டியலில், 1952ஆம் ஆண்டில் பத்தாம் இடத்தில் இருந்த இப்படம், மீட்புக்குப் பின்னர் 1962ஆம் ஆண்டில் மூன்றாம் இடத்துக்கும் 1972ஆம் ஆண்டில் இரண்டாம் இடத்துக்கும் உயர்ந்தது. 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் அது பதின்மூன்றாம் இடத்தில் இருந்தது. எண்பது ஆண்டு கடந்தும் உலகம் அதனை மறக்கவில்லை என்பதற்கு இது போதிய சான்று.

ரெனுவாரின் வரலாறு கீழைத்தேயத்தையும் தொட்டுச் செல்கின்றது. 1949ஆம் ஆண்டில் ‘நதி’ என்னும் படத்தை எடுப்பதற்காக அவர் வங்காளம் வந்தார். 1951ஆம் ஆண்டில் வெளியான அப்படத்திலே, அடையாற்றில் பிறந்து பரதநாட்டியம் பயின்ற ராதா ஸ்ரீராம் முக்கிய பாத்திரமொன்றை ஏற்று நடித்தார். பிற்காலத்தில் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய ராதா பர்னியர் அவரே. படப்பிடிப்புக்கு ஏற்ற இடந் தேடி ரெனுவார் கல்கத்தாவின் சுற்றுப்புறங்களில் அலைந்தபோது, விளம்பர நிறுவனமொன்றிற் பணிபுரிந்த இளைஞர் ஒருவர் அவருடன் கூடச் சென்றார். தம் மனத்திலுள்ள ஒரு கதையைப் படமாக்கும் ஆசையையும் அவரிடம் வெளியிட்டார். அவ்விளைஞர் சத்தியஜித் ராய். அக்கதை ‘பதேர் பாஞ்சாலி’.

பணமின்றி, மனைவியின் நகைகளையும் அடகுவைத்து, ஈற்றில் மேற்கு வங்க அரசாங்கத்தின் உதவி பெற்று ராய் முடித்த அப்படம் 1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26ஆந் திகதி கல்கத்தாவில் வெளியாயிற்று. முதல் நாட்களில் கூட்டம் சேரவில்லை. ஆனால் பார்த்த சிலர் பிறரிடம் கூறினர். அவர் மற்றவரிடம் கூறினர். ஓரிரு வாரங்களுள் அரங்கு நிரம்பலாயிற்று. பாரிஸில் ஒரு படத்தைக் கொன்ற அதே வாய்மொழி, கல்கத்தாவில் ஒரு படத்துக்கு உயிர் கொடுத்தது. 1958ஆம் ஆண்டில் நியூ யோர்க்கில் வெளியானபோது, அந்நகரின் முதன்மையான நாளிதழில் எழுதிவந்த பொஸ்லி கிரவுதர் அதன் அமைப்பில் தேர்ச்சிக் குறைவு கண்டு, அரைமனத்துடனேயே எழுதினார். பொதுமக்களோ எட்டு மாதங்கள் அப்படத்தை ஓடச்செய்தனர்.

தமிழிலும் இலங்கையிலும் இதனையொத்த நிகழ்ச்சிகள் உண்டு. 1954ஆம் ஆண்டில் ஏ. வி. எம். நிறுவனத்தாரின் தயாரிப்பாக, வீணை எஸ். பாலசந்தர் நெறிப்படுத்திய ‘அந்த நாள்’ வெளியாயிற்று. பாடல் ஒன்றேனும் இல்லாத தமிழ்ப் படம்! கொலையுண்ட வானொலிப் பொறியியலாளன் ஒருவனைப் பற்றிப் பலர் பலவாறு கூறும் கதை அது. சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தது. பாட்டும் ஆட்டமும் எதிர்பார்த்து வந்தோர் ஏமாற்றமுற்றனர். வெளியீட்டில் படம் பொருளீட்டவில்லை. பின்னர் இந்திய அரசாங்கத்தின் தகுதிச் சான்றிதழ் அதற்குக் கிடைத்தது. இன்று தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் எவரும் அதனை விட்டு எழுதுவதில்லை. 1956ஆம் ஆண்டு முடிவில் இலங்கையில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் வெளியிட்ட ‘ரேகாவ’ என்னும் சிங்களப் படமும், தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களின் வழமையை விட்டு, கிராமத்து வெயிலிலும் நிழலிலும் எடுக்கப்பட்டது. உள்ளூரில் வசூல் குன்றிற்று. அடுத்த ஆண்டில் கான் நகர விழாவின் போட்டிக்கு அது தெரிவாயிற்று. இலங்கைத் திரைப்படம் தன் சொந்தக் கண்ணால் தன் நாட்டைப் பார்க்கத் தொடங்கியது அப்படத்துடனேயே என்று பின்னர் யாவரும் ஒப்புக்கொண்டனர்.

இவற்றைக் கொண்டு, முதலில் தோற்ற படம் யாவும் உயர்ந்தது எனவும், முதலில் வென்ற படம் யாவும் தாழ்ந்தது எனவும் முடிவுசெய்தல் பெருந்தவறு. முதல் வாரத்தில் வீழ்ந்த படங்களுட் பெரும்பாலானவை வீழத்தக்கவையே. நாட்கூலி பெறும் தொழிலாளி ஒருவன் தன் உழைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்குகின்றான். அப்பணத்துக்கு ஏற்ற பயன் கிடைக்குமா என்று முன்கூட்டியே அறிய அவனுக்கு உரிமை உண்டு. விளம்பரங்கள் உண்மை சொல்லா. பார்த்துவந்த அயலவன் சொல்வான். ஆதலின் விரைந்த அபிப்பிராயம் வேண்டத்தகாதது அன்று. வேண்டுவது, அது திருத்தத்துக்கு இடமளிக்கும் மனத்துடன் கூறப்படுதலே.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ‘பொனி அண்ட் கிளைட்’ என்னும் படம் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியானது. கொள்ளைக்காரர் இருவரின் கதை. முன்னர் கூறப்பட்ட கிரவுதர் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். ஒருமுறையன்றிப் பலமுறை கண்டித்தார். ‘நியூஸ்வீக்’ சஞ்சிகையில் எழுதிய ஜோசப் மோர்கன்ஸ்டேர்னும் முதல் வாரத்தில் அதனைப் பழித்தே எழுதினார். ஆயினும் அவர் மனம் அமைதியுறவில்லை. மீண்டும் சென்று, பொதுமக்களிடையே அமர்ந்து அப்படத்தைப் பார்த்தார். அடுத்த வாரத்தில், முதல் எழுதியது நீதியற்றது என அதே சஞ்சிகையில் ஒப்புக்கொண்டு, புதிய விமரிசனம் எழுதினார். பத்திரிகை உலகில் இத்தகைய செயல் மிக அரிது. தம் கருத்தில் உறுதியாக நின்ற கிரவுதர், இருபத்தேழு ஆண்டுகள் வகித்த விமரிசகர் பதவியை அதன்பின் விரைவில் விட்டார். மோர்கன்ஸ்டேர்ன் மேலும் பல்லாண்டு எழுதினார். பிற்காலத்தில் விமரிசனத்துக்கான புலிட்சர் பரிசும் பெற்றார். தவறை ஒப்புக்கொண்டமையால் அவர் சொல்லின் மதிப்புக் குறையவில்லை.

1939ஆம் ஆண்டில் கொலிசே மாளிகையிலே கூச்சலிட்டவர்களுக்கும் இத்தகைய வாய்ப்புக் கிடைத்திருக்கலாம். மறுநாளோ மறுவாரமோ மீண்டும் வந்து பார்த்திருந்தால், தம்மைப் புண்படுத்தியது படத்தின் குறையா, அன்றி அது காட்டிய உண்மையா என்று சிலரேனும் தம்மைத் தாமே வினாவியிருப்பர். அவ்வாண்டு முடிவதற்குள் அவர்களுடைய பிள்ளைகள் போர்முனைக்குச் சென்றனர். அடுத்த ஆண்டில் அவர்களுடைய நகரம் பகைவர் கைப்பட்டது. திரையில் கண்டு வெறுத்த வீழ்ச்சியை அவர்கள் வாழ்விலே கண்டனர்.

‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் ‘அந்தப் படம் கூடாது’ என்பதும் கேட்பதற்கு ஒன்றுபோல் தோன்றும். முன்னது ஒருவருடைய மனநிலையைக் கூறுவது. அதனை எவரும் மறுக்கமுடியாது. பின்னது தீர்ப்பு, அதற்குச் சான்று வேண்டும், பொறுமை வேண்டும், தேவைப்படின் மறுவிசாரணையும் வேண்டும். ரெனுவார் 1979ஆம் ஆண்டு காலமானார். தம் படம் மறுவிசாரணையில் வென்றதை உயிரோடிருந்து காணும் பேறு அவருக்குக் கிட்டிற்று. எல்லாக் கலைஞருக்கும் அது கிட்டுவதில்லை. எல்லாப் படச்சுருள்களும் பெட்டிகளில் தப்பிக் கிடப்பதுமில்லை. படமாளிகை வாயிலில் “படம் எப்படி?” என்று கேட்கப்படும்பொழுது, விடை கூறுபவர் இதனைச் சிறிது நினைவிற் கொள்வாராயின், அவ்விடை விரைந்து கூறப்பட்டதாயினும் நீதி தவறாததாக அமையும்.